கேட்டவர் யார்? அமெரிக்க முன்னாள் அடிமைகளின் நேர்காணல் தொகுப்பை வாசிக்கும் முறை

அமெரிக்க அடிமை முறை பற்றி 1970-களுக்குப் பின் வந்த நூல்களின் அடிக்குறிப்புகளைப் புரட்டினால் ஒரு மூலம் அடிக்கடி கண்ணில் படும். 1936 முதல் 1938 வரை, அமெரிக்க மத்திய அரசின் எழுத்தாளர் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள், அப்போது உயிரோடிருந்த முன்னாள் அடிமைகளைத் தேடிப் போய் எடுத்த நேர்காணல்கள் அவை. 17 மாநிலங்கள், 2,300-க்கும் மேற்பட்ட பேட்டிகள், கூடவே சுமார் 500 புகைப்படங்கள். கைப்பேசியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும். எல்லாவற்றையும் காசில்லாமல் வாசிக்கலாம்.

வாசிக்கத் தொடங்குபவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். சிலர் சொன்னதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர், நான்கைந்து பேட்டிகளில் "எசமான் நல்லவர், வயிறாரச் சாப்பாடு போட்டார்" என்று வந்ததும், இது நம்பத் தகாதது என்று மூடிவைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பேசியவரைப் பார்க்கிறார்கள், எதிரே உட்கார்ந்து கேட்டவரைப் பார்ப்பதில்லை. இந்தத் தொகுப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை மறக்காமல் வாசித்தால், இதைவிட உயிருள்ள மூலம் அமெரிக்க வரலாற்றில் அரிது.

எந்தப் படியை வைத்துக்கொள்வது

பேட்டிகளின் தட்டச்சுப் படிகள் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டு, 1941-இல் 17 தொகுதிகளாகக் கட்டப்பட்டு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் வைக்கப்பட்டன. மாநிலத்துக்கு ஒரு தொகுதி. பெரிய தொகுதிகள் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஆர்க்கன்சா 7 பகுதி, தென் கரோலினா 4 பகுதி, டெக்சஸ் 4 பகுதி.

காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் பக்கங்களின் படங்கள் உள்ளன. இலவச மின்னூல்களை வெளியிடும் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் அதே தொகுதிகள் தேடக்கூடிய எழுத்து வடிவில் உள்ளன. இரண்டும் வேண்டும். தேடுவதற்கும் நகலெடுப்பதற்கும் குட்டன்பர்க். மேற்கோள் காட்டுமுன் சரிபார்ப்பதற்குக் காங்கிரஸ் நூலகத்தின் படம். பல தாள்களில் பேனாவால் அடித்துத் திருத்திய இடங்கள் இருக்கின்றன. எதை அடித்தார்கள், மேலே என்ன எழுதினார்கள் என்பது படத்தில்தான் முழுதாகத் தெரியும்.

வாஷிங்டனுக்குப் போனது மட்டுமே எல்லாம் அல்ல. வர்ஜீனியாவின் தொகுதி மெலிந்திருப்பதைப் பார்த்து அங்கே பேட்டியே எடுக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே கறுப்பின எழுத்தாளர் குழு ஒன்று தனியாக வேலை செய்தது. அவர்கள் திரட்டியது 1940-இல் வேறொரு நூலாக வந்தது. டெக்சஸ், மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் பல பேட்டிகள் மாநில அலுவலகத்திலேயே தங்கிவிட்டன. சில, வெட்டிச் சுருக்கிய பிறகே அனுப்பப்பட்டன. வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ராவிக் இவற்றைத் தேடி எடுத்து, மூலத் தொகுதிகளோடு சேர்த்து 1972 முதல் 1979 வரை 41 தொகுதிகளாக அச்சிட்டார். டெக்சஸ் பேட்டி ஒன்றை ஆதாரமாக வைத்து எழுதப் போகிறீர்கள் என்றால், ராவிக்கின் துணைத் தொகுதிகளில் அதற்கு நீளமான வடிவம் இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதக் கூடாது. அவை பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் கிடைக்கும்.

பெஞ்சமின் பாட்கின் 1945-இல் வெளியிட்ட ஒரே தொகுதித் தேர்வு கைக்கு அடக்கமானது, வாசிக்கச் சுவையானது. ஆனால் அது துண்டு துண்டாக எடுத்து, பொருள்வாரியாக அடுக்கியது. முதல் வாசிப்புக்கு அது வேண்டாம். முழுப் பேட்டிகள் சிலவற்றைப் படித்த பிறகு எடுத்தால், எதை விட்டுவிட்டார் என்பதும் கண்ணில் படும்.

முப்பது பேட்டிகள், ஆறு வாரம்

அகர வரிசையில் முதல் தொகுதியிலிருந்து தொடங்குபவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஒரே மாதிரிச் செய்திகள் அடுத்தடுத்து வந்து மனம் மரத்துப்போகும்.

ஒரு மாநிலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். தென் கரோலினா நல்ல தொடக்கம். ஏன் என்பது கீழே வரும். அதில் ஒரே நேர்காணலர் எடுத்த பத்துப் பேட்டிகளை முதலில் வாசியுங்கள். பத்தும் முடியும்போது, அந்த நேர்காணலர் எதை எப்போதும் கேட்பார், எங்கே தன் சொந்த வருணனையைச் சேர்ப்பார், பேசுபவரை எப்படிப் பார்க்கிறார் என்பது பிடிபட்டுவிடும். அடுத்த பத்து, அதே மாநிலத்தில் வேறொருவர் எடுத்தவை. கடைசிப் பத்து வேறு மாநிலம். கறுப்பின எழுத்தாளர்கள் வேலை செய்த ஃபுளோரிடாவை எடுத்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். பெரும்பாலான பேட்டிகள் சில பக்கங்களே. வாரத்துக்கு ஐந்து என்று வைத்தால், குறிப்பெடுக்கவும் நேரம் இருக்கும். ஒரே நாளில் பத்தை முடிக்காதீர்கள். இவை அப்படி வாசிக்கத் தக்கவையும் அல்ல.

ஒவ்வொரு பேட்டிக்கும் ஓர் அட்டை போடுங்கள். தாளோ, கணினியில் ஓர் அட்டவணையோ, எதுவானாலும் சரி. மேல்பாதியில் பேசியவர் பெயர், சொன்ன வயது, பேட்டி நடந்த ஊர், தேதி, அடிமையாக இருந்த ஊர், உடைமையாளர் பெயர், வயலிலா வீட்டிலா என்ன வேலை என்பவை. கீழ்ப்பாதியில் நேர்காணலர் பெயர், பேட்டி நடந்தபோது வேறு யாராவது பக்கத்தில் இருந்தார்களா, பேசியவர் கேட்டவரை எப்படி விளித்தார் என்பவை. பலர் மேல்பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கீழ்ப்பாதிதான் பிறகு கைகொடுக்கும்.

நேர்காணலர் வெள்ளையரா கறுப்பரா என்பது தாளில் பெரும்பாலும் எழுதியிருக்காது. பெரும்பான்மையோர் வெள்ளையர்கள், சிலர் அந்த ஊரின் பழைய உடைமையாளர் குடும்பங்களுக்குத் தெரிந்தவர்கள், உறவினர்கள். பேசியவர் "மிஸ்", "பாஸ்" என்று விளித்தால் அது ஒரு தடயம், முடிவு அல்ல. உறுதியாகத் தெரியவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

சார்ல்ஸ்டனில் ஒரு மூதாட்டி, இரண்டு வாழ்க்கை

தென் கரோலினாத் தொகுதி 14-ஆவது. அதன் இரண்டாம் பகுதியில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியின் பேட்டி இருக்கிறது. 1937-இல், சார்ல்ஸ்டன் நகரில் எடுத்தது. எடுத்தவர் ஜெஸ்ஸி பட்லர் என்ற வெள்ளைப் பெண்மணி. தன் எசமான் எட்வர்ட் ஃபுல்லர் தங்கமான மனசுக்காரர் என்று சூசன் சொல்கிறார். அடிமைகளிடம் நல்லவராக நடந்துகொள்வதற்காகவே அவர் அடிமைகளை வாங்கியது போலப் பேச்சு போகிறது.

அதே பகுதியில் சூசன் ஹாமில்டன் என்ற பெயரில் இன்னொரு பேட்டி. எடுத்தவர் அகஸ்டஸ் லாட்சன், கறுப்பினத்தவர். எசமான் பெயர் அதே ஃபுல்லர், ஊர் அதே சார்ல்ஸ்டன். ஆனால் இங்கே வருவது சவுக்கடி. இரவும் பகலும் கேட்ட அலறல். தாயையோ தகப்பனையோ உடன்பிறந்தவரையோ முன்னறிவிப்பே இல்லாமல் விற்றுவிட்டதற்கான அலறல். ஓர் இரவு ஒரு ஜோடிக்குக் கல்யாணம் நடக்கிறது. மறுநாள் காலை மணப்பெண்ணை விற்றுவிடுகிறார்கள். பெண்ணின் தாய் தெருவில் நின்று வெள்ளைக்காரியைச் சபிக்கிறாள்.

இருவரும் ஒருவரே. கேட்ட காதுக்கு ஏற்பக் குடும்பப் பெயரின் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பெயரை மட்டும் தேடினால் மற்றது கிடைக்காமலே போகும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு வேறுபாடு? விடை பட்லரின் தாளிலேயே இருக்கிறது. வாசலில் சூசனின் பெயரைச் சொல்லிப் பட்லர் விசாரித்ததைக் கேட்டதும், வந்திருப்பவர் நலத்துறை அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்று சூசன் நினைத்துக்கொண்டார் என்றும், அந்த எண்ணத்தைத் தான் திருத்தவில்லை என்றும் பட்லரே எழுதியிருக்கிறார். அந்த அலுவலகம் மூடப்படும் முன் சூசனுக்கு அங்கிருந்து உதவி வந்துகொண்டிருந்தது. உதவித் தொகையைத் தீர்மானிக்கக்கூடிய வெள்ளைப் பெண்மணி ஒருவர் வாசலில் வந்து நின்று, உன் எசமான் நல்லவரா என்று கேட்டால், வேறென்ன பதில் வரும்?

இந்த இரண்டு பேட்டிகளையும் ஒரே மாலையில், அடுத்தடுத்து வாசியுங்கள். லாட்சனிடம் சொன்னது உண்மை, பட்லரிடம் சொன்னது பொய் என்று அதோடு முடித்துவிடவும் வேண்டாம். லாட்சன் கேட்ட கேள்விகள் தாளில் இல்லை. பதில்கள் மட்டுமே ஒரே ஓட்டமாக எழுதப்பட்டிருக்கின்றன. அவர் எதைச் சேர்த்தார், எதைக் கோத்தார் என்று நமக்குத் தெரியாது. இரண்டிலும் பொதுவாக வரும் செய்திகளைத் தனியே பிரித்தெடுங்கள்: எசமான் பெயர், ஊர், குடும்பத்தின் வேலை போன்றவை. அவை உறுதியான தளம். வேறுபடும் இடங்களில், இந்த ஆளிடம் இதைச் சொல்ல இவருக்கு என்ன தடை, என்ன தேவை என்று எழுதிவையுங்கள். அப்படி எழுதிவைக்கும் குறிப்பு, 1937-இன் சார்ல்ஸ்டனைப் பற்றிய ஆதாரமும் ஆகிறது.

பசியும் நினைவும்

பேட்டி எடுக்கப்பட்ட காலத்தை ஒருபோதும் மறக்கக் கூடாது. பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சி நாட்டைப் பிடித்திருந்த ஆண்டுகள் அவை. எழுத்தாளர் திட்டமே வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க 1935-இல் தொடங்கியதுதான். கேட்க வந்தவர்களில் பலர் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் அல்ல. அதே 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் அதன் முதியோர் காப்பீட்டிலிருந்து விலக்கி வைத்தார்கள். தெற்கத்திக் கறுப்பர்களில் பெரும்பாலோர் செய்த வேலை அந்த இரண்டும்தான். ஆகவே அரசாங்கத்திலிருந்து வந்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கிழவருக்கும் கிழவிக்கும் நினைவுக்கு வருவது பென்ஷன்.

"அப்போது சாப்பாட்டுக்குக் குறைவில்லை" என்ற வரி வரும்போதெல்லாம் அதன் பக்கத்தில் இரண்டு எண்களை எழுதுங்கள்: பேட்டியின் ஆண்டு, 1865-இல் அவருடைய வயது. 1937-இல் 85 வயது என்றால், அடிமை முறை ஒழிந்தபோது அவருக்கு 13. பேசியவர்களில் பெரும்பாலோர் எண்பதைத் தாண்டியவர்கள். அடிமை முறையைப் பிள்ளைகளாக அறிந்தவர்கள். வயலில் முழு ஆள் வேலைக்கு இன்னும் போயிராத பிள்ளையின் நினைவு அது. அதைச் சொல்வது, இப்போது பட்டினியில் கிடக்கும் முதியவரின் வாய். இந்த இரண்டும் தெரிந்தால் அந்த வரியைத் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை, அடிமை வாழ்வு சுகமானது என்பதற்குச் சான்றாக வைக்க வேண்டியதும் இல்லை.

கேள்விப் பட்டியலைக் கண்டுபிடிப்பது

பத்துப் பேட்டிகள் வாசித்ததுமே ஒரு வரிசை தெரியும்: பிறந்த ஊர், பெற்றோர், செய்த வேலை, உணவு, உடை, எசமானின் வீடு, தண்டனை, எழுதப் படிக்க விட்டார்களா, தேவாலயம், அனுமதியில்லாமல் வெளியே போகும் அடிமைகளைப் பிடிக்கச் சுற்றிய இரவு ரோந்து, பேய்க்கதைகள், விடுதலை நாள். வாஷிங்டனிலிருந்து ஜான் லோமாக்ஸ் அனுப்பிய கேள்விப் பட்டியலின் வரிசை அது. பேய்க்கதைகள் இவ்வளவு இருக்கின்றனவே என்று வியக்க வேண்டாம். லோமாக்ஸ் நாட்டுப்புறவியல்காரர், அதனால் அவை கேட்கப்பட்டன.

ஒரு பேட்டியில் பென்சிலால் இந்தத் தலைப்புகளை ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். வரிசையை மீறி, கேட்காமலே ஒன்று வந்து விழும் இடத்தில் நட்சத்திரம் போடுங்கள். சாப்பாட்டைப் பற்றிய பதிலின் நடுவே திடீரென்று விற்கப்பட்ட அக்காளின் பெயர் வரும். கேள்வி இல்லாத இடத்தில் வரும் அந்தச் சொற்கள் பெரும்பாலும் பேசியவரின் சொந்தச் சொற்கள். முப்பது பேட்டிகள் முடித்தபின் நட்சத்திரங்களை மட்டும் திரும்ப வாசியுங்கள்.

எழுத்துக்கூட்டல் என்னும் முள்

பேட்டிகள் பேச்சு வழக்கில் எழுதப்பட்டவை. ஆனால் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கருவி இல்லை. கையால் குறித்து, பிறகு நினைவிலிருந்து தட்டச்சு செய்தார்கள். ஆகவே மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாக்கியம் வாயிலிருந்து வந்தபடியே வந்தது என்று கொள்ளக் கூடாது. அதோடு, "வாஸ்" (was) என்ற ஆங்கிலச் சொல்லை எல்லோரும் ஒரே மாதிரிதான் உச்சரிப்பார்கள். கறுப்பர் சொன்னால் மட்டும் அதைத் தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டினால், ஒலி மாறுவதில்லை, ஆளைத் தாழ்த்துவது மட்டுமே நடக்கிறது. எசமானும் வேலைக்காரரும் "வந்துச்சு" என்றே பேச, கதையில் வேலைக்காரர் வாயில் மட்டும் அதை வைப்பது போன்றது இது. திட்டத்தில் கறுப்பினத்தவர் தொடர்பான பகுதிக்கு ஆசிரியராக இருந்த கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன் இதைக் கண்டித்தார். உச்சரிப்பைவிட வழக்குச் சொல்லுக்கும் தொடருக்கும் உண்மையாக இருங்கள் என்று அறிவுறுத்தினார். எல்லோரும் கேட்கவில்லை.

நடைமுறையில் இரண்டு வேலைகள். முதலில், புரியாத சொல்லை வாய்விட்டு வாசியுங்கள்; கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும். இரண்டாவது, தேடும்போது ஒரே சொல்லுக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல்களைப் போட்டுத் தேடுங்கள். ரோந்துக்காரர்களைக் குறிக்கும் சொல் "பேட்ரோலர்" என்றும் இருக்கும், "பேட்டரோலர்" என்றும் "பேடிரோலர்" என்றும் இருக்கும். சரியான வடிவத்தை மட்டும் தேடி, "இந்தத் தொகுதியில் ரோந்து பற்றி ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டுவது சர்வ சாதாரணமாக நடக்கும் பிழை.

காதுக்குப் பழக்க இன்னொரு வழி உண்டு. காங்கிரஸ் நூலகத்தில் முன்னாள் அடிமைகளின் குரலே பதிவான சில மணி நேர ஒலிப்பதிவுகள் உள்ளன. 1949-இல் பால்டிமோரில் பதிவான ஃபவுண்டன் ஹியூஸின் குரலைக் கேளுங்கள். அவருடைய தாத்தா தாமஸ் ஜெபர்சனுக்கு உடைமையாக இருந்தவர். மீண்டும் அடிமையாக வேண்டியிருந்தால் துப்பாக்கியை எடுத்து எல்லாவற்றையும் முடித்துக்கொள்வேன் என்று நிதானமான குரலில் சொல்கிறார். அதைக் கேட்டபின் தட்டச்சுத் தாள்களின் கோமாளித்தனமான எழுத்துக்கூட்டலுக்குப் பின்னால் உண்மையில் என்ன குரல் இருந்திருக்கும் என்பது ஓரளவு பிடிபடும்.

கணக்கெடுப்போடு ஒப்பிடுவது

வயதையும் பெயரையும் சரிபார்க்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உதவும். குடும்ப வரலாறு தேடும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் போதும். 1870-தான் தொடக்கப் புள்ளி. விடுதலை பெற்றவர்கள் பெயரோடு பதிவான முதல் கணக்கெடுப்பு அது. 1880-இல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் இருக்கும். 1890-இன் தாள்கள் பெரும்பாலும் தீயோடு போயின. 1900-இல் பிறந்த மாதமும் ஆண்டும் இருக்கும்.

1850, 1860 ஆண்டுகளின் அடிமை அட்டவணைகளில் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அவற்றில் உடைமையாளர் பெயர் மட்டுமே இருக்கும். அடிமைகள் வயது, பால், நிறம் என்ற வெறும் வரிகளாக நிற்பார்கள். உடைமையாளர் பெயரைப் பேட்டியிலிருந்து எடுத்து, அந்த அட்டவணையில் அதே வயதுள்ள ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் அது பொருந்துகிறது என்று மட்டும் எழுதுங்கள். அவரேதான் என்று எழுதாதீர்கள். சொன்ன வயதுக்கும் கணக்கெடுப்புக்கும் ஐந்து பத்து ஆண்டு வேறுபாடு வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் பிறந்த நாளை எழுதிவைக்க வாய்ப்பே இல்லாதவர்கள் அவர்கள்.

துணை நூல்கள்

துணை நூலை எடுத்தால் முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள், பிறகு அடிக்குறிப்புகளில் யாருடைய சாட்சியம் இருக்கிறது என்று பாருங்கள். உல்ரிச் பிலிப்ஸின் 1918-ஆம் ஆண்டு நூல் பண்ணை உடைமையாளர்களின் கணக்குப் புத்தகங்களிலும் கடிதங்களிலும் நிற்பது. அடிமைகளின் சாட்சியத்தை அவர் நம்பவில்லை. ஜான் பிளாசிங்கேமின் 1972-ஆம் ஆண்டு நூல் அடிமைகள் தாங்களே எழுதிய தன்வரலாறுகளில் நிற்பது. நம் தொகுப்பை அவர் ஒதுக்கினார், அதற்காக விமர்சிக்கப்பட்டார். 1974-இல் வந்த ஜெனோவீஸின் நூல் இந்தப் பேட்டிகளைத் தாராளமாகப் பயன்படுத்துகிறது. பால் எஸ்காட்டின் 1979-ஆம் ஆண்டு நூல் பேட்டிகளை எண்ணிக்கையாக்கி, கேட்டவரின் இனத்தைப் பொறுத்துப் பதில்கள் எப்படி மாறின என்று காட்டுகிறது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்காட்.

தமிழில் எழுதும்போது

அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாகத் தொகுத்த பேட்டிகள் என்பதால், மொழிபெயர்க்கப் பதிப்புரிமைச் சிக்கல் பொதுவாக எழாது. பிற்கால ஆசிரியர்களின் முன்னுரைகளுக்கு அது பொருந்தாது. சிக்கல் சொற்களில்தான். அடிமைகள் உடைமையாளரை விளித்த "மாசா" ("மாஸ்டர்" என்பதன் பேச்சு வடிவம்) என்பதை "முதலாளி" ஆக்கினால் கூலி வந்துவிடுகிறது. "எசமான்" என்பதே சரி. மேற்பார்வையாளரைக் "கங்காணி" என்று எழுதக் கை போகும். இலங்கை, மலேயாத் தோட்டங்களின் கங்காணி பெரும்பாலும் தம் ஊர் ஆட்களையே திரட்டிக் கூட்டிப்போன தமிழர். முன்பணக் கடன் அவர் கையில் இருந்த கயிறு. அமெரிக்கப் பண்ணையின் மேற்பார்வையாளர் பெரும்பாலும் சம்பளத்துக்கு அமர்த்திய வெள்ளையர். அவருக்குக் கீழே, அடிமைகளிலிருந்தே பொறுக்கிய வேலை விரட்டி ஒருவர் இருப்பார். இரண்டையும் ஒரு சொல்லில் அடைத்தால் யார் அடித்தார், யார் அடிக்க வைக்கப்பட்டார் என்பது மறைந்துபோகும். அடிமைகளின் குடியிருப்புக்கு "லயம்" என்று போட்டாலும் படம் தவறிவிடும். லயம் ஒரே கூரையின் கீழ் நீளும் அறை வரிசை, அங்கே இருந்தவை பெரும்பாலும் தனித்தனி மரக் குடில்கள். "குடில் வரிசை" என்று எழுதுங்கள்.